பலகையைப் பார்த்து வந்தவர்கள்

1

ஒரு வாரமாக நான் சந்தைத் தெரு வழியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறேன். என் மனைவி செல்லம் காரணம் கேட்டாள். வெயிலுக்காக என்றேன். ஆற்றங்கரையில்தான் வெயில் அதிகம் என்பது அவளுக்குத் தெரியும். மேலே கேட்கவில்லை.

சந்தைத் தெருவில் நம்மவர் ஒருவர் புதிதாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அதற்குப் பலகை மாட்டியிருக்கிறார்கள். நீல வர்ணத்தின் மேல் வெள்ளை எழுத்து. 'மெட்ராஸ் ஸ்டோர்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சீனத்திலும் எழுதியிருக்கிறது. முதல் நாள் என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது கடைக்காரர் என்னை நிறுத்தி, எழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது கெடாய்தானே?" என்றாள். கடை என்று சொல்லவேண்டும் என்றேன். "அதான், கெடாய்" என்றாள். மலாய்க்காரர்கள் கடையைக் கெடாய் என்பார்கள். நம்மிடமிருந்து போன வார்த்தை. என் பெண் அதை அவர்களிடமிருந்து வாங்கி எனக்குத் திருப்பித் தருகிறாள்.

மலேயாவில், நாங்கள் இருக்கும் கிள்ளானில், இப்போது எல்லோருக்கும் அடையாளச் சீட்டு கொடுக்கிறார்கள். காட்டுக்குள் சண்டை நடக்கிறது. சீட்டு இல்லாமல் வெளியில் போகக்கூடாது. படம் பிடித்து, கட்டைவிரலை மையில் உருட்டி, பிறந்த ஊரைக் கேட்டார்கள். அரியலூர் என்றேன். எழுதிய மலாய் குமாஸ்தா இரண்டு தரம் கேட்டுவிட்டு 'அலோர்' என்று எழுதினார். வடக்கே அலோர் என்று தொடங்கும் ஊர் உண்டு. அங்கே பிறந்தவன் என்று நினைத்துவிட்டார். திருத்தச் சொன்னேன். திருத்துவதென்றால் பிறந்த ஊரிலிருந்து சாட்சிக் காகிதம் வேண்டும், அடுத்த மாதம் வா என்றார். விட்டுவிட்டேன். அரசாங்கக் கணக்கில் எனக்கு அரியலூர் இல்லை.

எனக்கு வருத்தம் அதற்காக இல்லை. கடைப் பலகையில் ஓர் ஊர்ப் பெயரை எழுதிவிட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை நான் நம் ஊரில் கண்டேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து வாசகர்களில் சிலருக்கு இது தெரிந்த கதையாக இருக்கலாம். அவர்களில் சிலர் அந்தக் கடை வாசலில் நின்றவர்களாகவும் இருக்கலாம்.

2

ஸ்டேஷனுக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் போடுவோம். நான் படித்துவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலைக்கென்று கப்பலேறினேன். டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கலக்குவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் டிரஸ்ஸர்தான்.

யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேரை லாரியில் ஏற்றினார்கள். நோய் வந்தால் பார்க்க ஒருவன் வேண்டுமென்று என்னையும் ஏற்றினார்கள். செல்லம் கைக்குழந்தையோடு லாரியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். அந்தப் பாதையைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கதைக்கு வரமாட்டேன். மழையும் மூங்கில் காடும், காலராவும், என் பெட்டியில் கொஞ்சம் கொய்னா மாத்திரையும் பஞ்சும். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. நான் திரும்பினேன். குழந்தை என்னைப் பார்த்துப் பயந்து செல்லத்தின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது.

யுத்தம் முடிந்து இரண்டாவது வருஷம், நான் மட்டும் ஊருக்குப் போய்வரக் கப்பலில் இடம் கிடைத்தது. அப்பா யுத்தத்தின் நடுவிலேயே காலமாகிவிட்டார். எனக்கு இருந்தது தம்பி தனபால் ஒருவன்தான். அவன் அரியலூர்க் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தான். சோப்பு, தீப்பெட்டி, அரிக்கேன் விளக்கு, கொஞ்சம் பலசரக்கு. நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தான். வியாபாரம் இல்லை. அரிசிக்கும் துணிக்கும் ரேஷன் இருந்த காலம். பக்கத்திலே இரண்டு பெரிய கடைகள். தனபாலின் கடைக்கு அதுவரை பெயரே கிடையாது.

நான் வருகிறேன் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. பெரம்பலூரிலிருந்து ஒரு பெயிண்டரை வரவழைத்திருந்தான். நான் போய் இறங்கிய அன்று மரச்சட்டத்தில் அடித்த நீளமான தகரம் கடைக்கு எதிரே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நீல வர்ணத்தில் வெள்ளை எழுத்து: மலேயா ஸ்டோர். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல். பெயிண்டர் கப்பலைப் பார்த்ததில்லை. புகைபோக்கி ஒன்றா இரண்டா என்று என்னிடம் கேட்டான். இரண்டு என்றேன். கப்பல் போகிற திசைக்கே புகையும் போவதுபோல வரைந்திருந்தான். அதைச் சொன்னதற்கு, காற்று பின்னாலிருந்து அடிக்கிறது என்று தனபால் சிரித்தான்.

பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. மலேயாவிலிருந்து நான் கொண்டுவந்தது இரண்டு டார்ச் விளக்கும் கொஞ்சம் பிஸ்கோத்தும்தான். அதை வைத்து ஒரு ஸ்டோரா என்றேன்.

"மலேயான்னா சனங்களுக்கு ஒரு இதுண்ணே," என்றான். "நீங்க அங்க இருக்கீங்க. பேரு வெக்க எனக்கு இல்லாத பாத்தியதை வேற யாருக்கு?"

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. மறுநாள் பலகையை ஏற்றி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினோம். அன்று மாலையே நான் செல்லத்தின் தாய்வீட்டாரைப் பார்க்க உடையார்பாளையம் புறப்பட்டுவிட்டேன். அங்கே ஒரு கல்யாணம். நாலைந்து நாள் என்று போனவன் இரண்டு வாரம் இருக்கும்படி ஆயிற்று.

3

திரும்பி வந்தபோது கடை வாசலில் கூட்டம். வியாபாரக் கூட்டமென்று நினைத்தேன். கிட்டே போனதும் அது வேறுவிதமாக இருந்தது. யாரும் சாமான் கேட்கவில்லை, விலையும் பேசவில்லை. மூட்டையும் தூக்குச்சட்டியுமாக ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அதிகம். பலர் விடியுமுன் நடக்கத் தொடங்கி வந்தவர்கள். ஜயங்கொண்டத்துக்கு அப்பாலிருந்தும் பெரம்பலூர் தாண்டியும் வந்திருந்தார்கள்.

பலகையைப் பற்றிச் சந்தையில் பேச்சுப் பரவியிருக்கிறது. அரியலூரில் மலேயாவுக்கு ஒரு ஆபீஸ் திறந்திருக்கிறார்கள், கப்பல் படம் போட்டிருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் போனவர்களைப் பற்றிச் சேதி சொல்வார்கள் என்று. யுத்தத்துக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து எத்தனை பேர் ரப்பர் வெட்டப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். யுத்தம் தொடங்கியதிலிருந்து அவர்களிடமிருந்து ஒரு வரி கிடையாது. தாலுகா ஆபீசில் கேட்டால் ஜில்லா ஆபீசுக்குப் போ என்பார்கள். ஜில்லா ஆபீசில் மெட்ராஸுக்கு எழுது என்பார்கள். எழுதத் தெரியாத சனங்களுக்குப் பதில் சொல்வதாக ஒரு வாசல் திறந்ததென்றால் வரமாட்டார்களா?

தனபால் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கும்பலின் பின்னால் நின்று கேட்டேன்.

ஒரு கிழவர் மகன் பெயரைச் சொன்னார். தனபால் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, இருக்கிறார், உள்காட்டுத் தோட்டத்தில் இருக்கிறார், கப்பலில் இடம் கிடைக்காமல் காத்திருக்கிறார் என்றான். கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வெறுங்கையோடு போக மனமில்லாமல் ஒரு சோப்பு வாங்கினார். அடுத்து வந்த பெண்ணுக்கும் அதே பதில். ஊரை மட்டும் மாற்றிச் சொன்னான்.

என்னைப் பார்த்ததும் தனபாலுக்கு முகம் சுருங்கியது. அன்று மதியம் கடைக்குள்ளேயே எங்களுக்குச் சண்டை வந்தது.

"நெஜத்தை வெச்சுக்கிட்டு நீங்க என்னண்ணே பண்ணப் போறீங்க?" என்றான். "நீங்க கப்பலேறிப் போயிடுவீங்க. தெனம் வந்து நிக்கறவங்க மொகத்தைப் பாக்கறது நான். மொத நாளு எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன். அந்தம்மா இங்கனயே விழுந்துருச்சு. தண்ணி தெளிச்சு எழுப்புனேன். மறுநாளு வந்தவருகிட்ட அப்பிடிச் சொல்ல வாய் வரல."

சோப்பு விற்பதற்காகத்தான் சொன்னான் என்று நான் அந்த நிமிஷம்வரை நினைத்திருந்தேன். விற்றதில் அவனுக்குச் சந்தோஷம் இல்லாமலில்லை. ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை என்று இப்போது தெரிந்தது. என்ன இருந்தாலும் இது பொய், இதை நம்பி அவர்கள் என்னென்ன செய்வார்களோ என்றேன். யார் யாருக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். நினைவில் இருந்த பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். அதில் எறையூர் ராமலிங்கம் என்ற பெயர் வந்தது.

"அவரு சம்சாரம் அஞ்சலைன்னு ஒரு பொண்ணு," என்றான். "இருக்காரும்மா, வந்துருவாருன்னு சொன்னேன். ஏன்ணே?"

நான் எழுந்து வெளியே போனேன். ராமலிங்கம் சயாமில் என் கண்ணெதிரே செத்தவன்.

4

மறுநாள் காலை பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்தேன். கரி போட்டு ஓடுகிற பஸ். ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். பெரம்பலூரிலிருந்து எறையூர்ப் பக்கம் போகிற ஒரு வண்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஊருக்குள் நுழையுமுன்னே அஞ்சலையின் அண்ணனைச் சந்தித்தேன். விசாரித்ததும் அவரே வண்டியை நிறுத்திச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் ராமலிங்கம் மலேயா போனான். பிள்ளை இல்லை. மாமனார் வீட்டில் அவளை ஒருவரும் கண்டுகொள்வதில்லை. இத்தனை வருஷம் பார்த்துவிட்டு, அவளுக்கு வேறு இடத்தில் மறுமணம் பேசி முடித்திருந்தார். எங்கள் சனத்தில் அது உண்டு என்றார். நல்ல மனுஷன், மனைவி இல்லாதவன், கொஞ்சம் நிலமும் வைத்திருப்பவன்.

"அரியலூர்க் கடையில போயிக் கேட்டுட்டு வரேன்னு போனா. திரும்பி வந்தவ, அவரு இருக்காரு, நான் மாட்டேன்னுட்டா. அந்த ஆளுக்கு நான் என்ன பதிலு சொல்றது?"

அஞ்சலை களத்தில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நெற்றியில் பெரிய குங்குமம். என்னை யாரென்று அண்ணன் சொல்லுமுன், மலேயாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று நானே சொன்னேன். எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை. வளைக்க எனக்குத் தெரியாது. ராமலிங்கம் சயாமில் காலரா கண்டு இறந்துபோனான், நான் பக்கத்தில் இருந்தேன் என்றேன்.

அவள் அழவில்லை. "அடையாளம் சொல்லுங்க," என்றாள்.

இடது கை சுண்டுவிரல் மடங்காது என்றேன். நெட்டை. பேசும்போது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பான்.

"விரலு மடங்காதவங்க ஊருக்கு நாலு பேரு இருப்பாங்க," என்றாள். "கடையில பலகை போட்டு, எழுதி, அதுக்குன்னு உக்காந்திருக்கறவரு சொன்னாரு இருக்காருன்னு. நீங்க யாரு? எங்கண்ணன் கூட்டியாந்த ஆளா?"

அவள் அண்ணன் சத்தியம் செய்தார். அவள் குனிந்து மறுபடியும் மல்லாட்டையைப் பரப்பத் தொடங்கினாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரம்பலூர் வரை நடந்தே வந்தேன். சயாமில் எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

பெரம்பலூரில் பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு வயதான முஸ்லிம் என்னிடம் வந்தார். காதர் பாய் என்று சொல்லிக்கொண்டார். நான் யாரென்று, காலையில் என்னை ஏற்றிச்சென்ற வண்டிக்காரனிடம் கேட்டிருக்கிறார். அவர் மகன் பினாங்கில் துணிக்கடையில் இருந்தவன்.

"எம் புள்ள ஹயாத்தா இருக்கானா, மௌத்தாப் போயிட்டானா, அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் தம்பி," என்றார். "ஹயாத்துன்னா துவாச் செய்வேன். மௌத்துன்னா பாத்திஹா ஓதுவேன். ரெண்டையும் செய்யாம நிக்கிறேன்."

எனக்கு அவனைத் தெரியாது. தெரியாது என்றேன். அவர் என் கையை எடுத்துத் தம் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, பஸ் வரும்வரை விடவில்லை.

5

அரியலூருக்கு வந்து பலகையைக் கழற்றச் சொன்னேன். தனபால் முடியாது என்றான். கழற்றினால் அத்தனை பேருக்கும் நான் பொய்யன் என்று ஆகிவிடும், இந்தத் தெருவில் எப்படி உட்காருவேன் என்றான். அதற்குப்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வந்தவர்களுக்கு மட்டும் அவன் பழைய பதிலைச் சொல்வதை நிறுத்திவிட்டான். அண்ணனிடம் கேளுங்கள் என்று என் பக்கம் கையைக் காட்டினான். நான் பாக்குப் பெட்டிமேல் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் தெரியாது, தெரியாது என்று சொன்னேன். உண்மையாகவே தெரியாதுதான். எனக்குத் தெரிந்த பெயர்கள் கொஞ்சம். வந்த பெயர்கள் ஏராளம்.

கப்பலுக்கு நாள் நெருங்கியபோது ஒரு முற்பகலில் அஞ்சலை வந்தாள். அண்ணனும் அவர் மனைவியும் கூட வந்திருந்தார்கள். அவள் கடைக்குள் வரவில்லை. பலகைக்கு நேர் கீழே, தெருவில் நின்றாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கி இடம்விட்டார்கள். தனபால் எழுந்து நின்றான். அவனை அவள் பார்க்கவே இல்லை.

"எரிச்சாங்களா, பொதச்சாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

காலராவில் செத்தவர்களைப் புதைக்க விடமாட்டார்கள், எரிக்கத்தான் வேண்டும் என்றேன்.

"தனியாவா?"

இதற்கு வேறு பதில் சொல்லியிருக்கலாம். அன்று விழுந்தவர்களை எல்லாம் மூங்கில் அடுக்கி ஒன்றாக வைத்தோம், மழை பெய்துகொண்டிருந்தது என்றேன். வாசலில் இருந்த ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொள்ளி யாரு வெச்சது?"

"நான்தாம்மா."

தெருவில் ஒரு மாட்டுவண்டி வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்று, சுற்றிக்கொண்டு போயிற்று.

"கொள்ளி வெச்சவங்க தலை மழிக்கணும்," என்றாள். "கருமாதி பண்ணணும். நீங்க பண்ணலே. அதான் அவரு எனக்குக் கனவுல வந்துக்கிட்டே இருக்காரு, உசிரோட இருக்கறவரு மாதிரி."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நின்றபடியே அழுதாள். யாரும் தொடவில்லை.

தனபால் கடைக்குள் போய், கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகிக் கடையைச் சாத்தினான். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "கருமாதிக்குத் திருமழபாடி போயிட்டு வரலாம்ணே," என்றான். "நானும் வரேன்."

இரண்டு நாள் கழித்துப் போனபோது கொள்ளிடத்தில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடியது. மணலில் வெகு தூரம் நடந்தோம். நாவிதர் எனக்குத் தலையும் மீசையும் மழித்தார். ராமலிங்கத்தின் அண்ணன்மார் யாரும் வரவில்லை, சொல்லியனுப்பியும் வரவில்லை. புரோகிதர் கோத்திரம் கேட்டபோது அஞ்சலைதான் சொன்னாள். இறந்த திதி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சயாமில் நாங்கள் நாள் தெரியாமல்தான் இருந்தோம். அவர் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, அமாவாசை என்று வைத்துக்கொள்வோம் என்றார். பிண்டம் வைத்தேன். பிறகு அஞ்சலை தண்ணீரில் இறங்கி, தாலிக் கயிற்றைத் தானே கழற்றி அண்ணன் மனைவியின் கையில் கொடுத்தாள். வெளியே வந்து ஈரத்தோடு மணலில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க நெடுநேரம் ஆயிற்று.

பேசி வைத்திருந்த அந்த மனுஷனுக்கு அதற்குள் வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று அவள் அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். யார்மேலும் குறையாகச் சொல்லவில்லை. தனபால் காதிலும் அது விழுந்தது. வரும் வழியெல்லாம் அவன் வண்டியில் ஏறவில்லை. பின்னாலேயே நடந்து வந்தான்.

மறுநாள் அவனே ஏணி வைத்து ஏறி ஆணிகளைப் பிடுங்கினான். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து அவன் தோளில் இடித்தது. நான் கீழே நின்று பிடித்துக்கொண்டேன். இருவருமாக அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தோம். வேறு பெயர் எழுதச் சொல்லட்டுமா என்று பெயிண்டர் வந்து கேட்டான். வேண்டாம் என்றான் தனபால். அந்த வாரமே நான் நாகப்பட்டணம் போய்க் கப்பலேறினேன்.

6

அஞ்சலை இப்போது எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நம் பக்கத்து ஆள் ஒருவர் சமீபத்தில் இங்கே வந்து இறங்கினார். ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சல் மருந்துக்கு வந்தபோது, அரியலூர் என்றதும் பிடித்துவைத்துக்கொண்டு கேட்டேன். தனபாலின் கடையைத் தெரியும் என்றார். பெயர் இல்லாத கடைதான், வியாபாரம் சுமார் என்றார்.

பலகை இறங்கியபிறகும் சனங்கள் வருவது நிற்கவில்லையாம். வெள்ளாமை இல்லாத நாளில் இன்னும் வருகிறார்களாம். மலேயா கடை எது என்று ஸ்டேஷனில் கேட்டால் இப்போதும் வழி காட்டுகிறார்களாம். தனபால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொல்கிறானாம்: "எனக்குத் தெரியாதுங்க."

பதிலைக் கேட்டதும் திரும்பிப் போய்விடுகிறார்களா என்று கேட்டேன்.

"எங்கீங்க போறாங்க," என்றார் அவர். "தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, செத்த நேரம் அப்பிடியே உக்காந்திருக்காங்க. உங்க தம்பியும் கடையை விட்டு எறங்கி வந்து அவங்களோட உக்காந்துடறாரு."